காரீய ரவையா, எஃகு ரவையா? வாத்துக்கு ஒரு சட்டம், வயல்காட்டுப் பறவைக்கு ஒரு சட்டம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறான். நாற்பது வயதைத் தாண்டிவிட்டான், எனக்கு இன்னும் பையன்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அங்கே அக்டோபர் பிறந்தால் ஃபெசன்ட் வேட்டை தொடங்கிவிடும். ஃபெசன்ட் என்பது நம் மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த குடும்பத்துப் பறவை. நீரில் வாழாது; சோளக்காட்டிலும் புல்வெளியிலும் மேயும். இப்படிப்பட்ட ஃபெசன்ட், காடை, கௌதாரி வகைகளை அங்கே மேட்டுநிலப் பறவைகள் என்பார்கள். உடன் வேலை பார்ப்பவர்களோடு இவனும் போகிறான். "சார், கடையில் ஈயத் தோட்டாவும் இருக்கிறது, ஸ்டீல் தோட்டாவும் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சுட்டுக் கொண்டுவருவதைப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். எதை வாங்க?" என்று கேட்டான்.

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது! நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை சரியா தப்பா என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் அவனுக்காகத் தேடிப் படிக்கப் போய், எனக்கே பெரிய சரித்திரம் ஒன்று கிடைத்தது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஈயச் சொம்பு ரசம் நினைவுக்கு வந்து யாரும் பதற வேண்டாம். அது வெள்ளீயம். நான் சொல்லப் போவது காரீயம், விஷமுள்ளது. பறவை சுடும் ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒரே ஒரு குண்டு இருக்காது. கடுகு, மிளகு அளவில் நூற்றுக்கணக்கான உருண்டைகள் இருக்கும். அதைத்தான் ரவை என்கிறோம். 28 கிராம் எடையில் 6ஆம் எண் காரீய ரவை சுமார் 225 இருக்கும். அதில் பறவை மேல் படுவது நாலைந்துதான். மீதி எல்லாம் மண்ணில் விழுந்து அங்கேயே கிடக்கும்.

இந்த ரவையை உருண்டையாகச் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ், குழாய் வேலைக்காரர். 1782இல் காப்புரிமை வாங்கினார். உருக்கிய காரீயத்தில் கொஞ்சம் ஆர்சனிக் சேர்த்து, சல்லடை வழியாக உயரத்திலிருந்து விட வேண்டும். விழும்போதே பரப்பு இழுவிசையால் ஒவ்வொரு துளியும் உருண்டையாகிவிடும். கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து குளிர்ந்து கெட்டியாகும். மழைத்துளி ஏன் உருண்டை என்று வகுப்பில் நடத்தினேனே, அதே பாடம்தான். இதற்காக மனிதர் தன் வீட்டுக்கு மேலே கோபுரம் எழுப்பி, கீழே பள்ளமும் தோண்டினாராம். ரெட்கிளிஃப் ஹில் என்ற இடத்தில் இருந்த அந்தக் கட்டடத்தை 1968இல் சாலை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். இதே முறையில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1828இல் கட்டிய செங்கல் கோபுரம் 234 அடி உயரம். அது இன்றும் நிற்கிறது. ரவை மலிவானது இப்படித்தான். மலிவானதும் காடு, வயல், ஏரி எங்கும் கொட்டியது.

விஷம் எப்படி ஏறுகிறது? பறவைக்குப் பல் கிடையாது. அரைவைப்பையில் சிறு கற்களைச் சேர்த்து வைத்துத்தான் தானியத்தை அரைக்கும். கோழி சுத்தம் செய்தவர்கள் அந்தக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் கிடக்கும் ரவையைக் கல் என்றோ விதை என்றோ நினைத்துப் பறவை விழுங்கும். அரைபட அரைபட, வயிற்று அமிலத்தில் காரீயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும். சிறகு தொங்கும், தின்றது செரிக்காது, உடம்பு வற்றும். இரண்டு மூன்று வாரத்தில் எங்காவது புதரில் கிடந்து சாகும். கூட்டமாகச் செத்து விழுந்தால் ஊர் கவனிக்கும். ஒன்றிரண்டாகச் சாவதை நரியும் கழுகும் தின்றுவிடும், யார் கண்ணிலும் படாது. தின்ற கழுகுக்கும் அதே கதி.

இனிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். இதைப் பற்றி அச்சில் வந்த ஆரம்பகாலக் குறிப்புகளில் ஒன்று 1876இல் இங்கிலாந்தின் 'தி ஃபீல்ட்' இதழில் வந்தது. கால்வர்ட் என்பவர் எழுதியது. ரவையை விழுங்கி விஷம் ஏறியதாக அவர் எழுதியது வாத்தைப் பற்றி இல்லை. ஃபெசன்ட்டைப் பற்றி! அதாவது என் மாணவன் சுடும் அதே வயல்காட்டுப் பறவை. அதற்குப் பிறகு 1894இல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் தன் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழில் நீர்ப்பறவைகள் காரீய விஷத்தால் சாவதை எழுதினார்.

பிறகு எல்லார் கவனமும் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. வாத்து வேட்டை ஒரே ஏரியில் வருஷா வருஷம் நடக்கும். ரவை அடியில் குவியும், கூட்டம் கூட்டமாக வாத்து சாகும். கண்ணுக்குத் தெரிந்த சாவு அது. 1959இல் இல்லினாய் மாநிலத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ், பல்லாயிரம் வாத்துகளின் அரைவைப்பைகளைப் பரிசோதித்த கணக்கை வெளியிட்டார். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படிச் சாகின்றன என்று மதிப்பிட்டார்.

உடனே சட்டம் வந்ததா? 1970களில் எஃகு ரவை கொண்டுவரப் பார்த்தபோது வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். எஃகு லேசு, பறவை சாகாமல் காயத்தோடு தப்பிக்கும், துப்பாக்கிக் குழல் கெட்டுப்போகும் என்றார்கள். அன்றைய எஃகுத் தோட்டா மட்டமானதுதான், அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. 1978இல் டெட் ஸ்டீவன்ஸ் என்ற செனட்டர், மாநிலம் சம்மதிக்காமல் மத்திய அரசு இந்த விதியை அமல்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் ஒரு முட்டுக்கட்டை போட்டார். கடைசியில் வழக்கைத் திருப்பியது வாத்து இல்லை. விஷம் ஏறிய வாத்தைத் தின்று வெண்தலைக் கழுகுகள் செத்தன. அது அந்த நாட்டின் சின்னமாயிற்றே! வழக்குகள் வந்தன. 1987இல் படிப்படியாகத் தொடங்கி, 1991இல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீய ரவை தடையானது. தடையின் பலனாக 1997இல் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் பிழைத்ததாகப் பிற்பாடு ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சட்டம் ஏரிக்கரையோடு நின்றுவிட்டது. கரையேறி நாலு எட்டு வைத்தால் பெரும்பாலான இடங்களில் காரீயம் செல்லும். நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வாங்கி வைத்திருக்கும் நிலங்களில் ஃபெசன்ட் சுட்டாலும் விஷமற்ற ரவைதான் போட வேண்டும். பக்கத்துத் தனியார் சோளக்காட்டில் அவரவர் இஷ்டம். கலிஃபோர்னியா மட்டும் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் காரீயத்தைத் தடை செய்துவிட்டது.

மனச்சாட்சிக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 2020இல் அங்குள்ள 9 வேட்டை, கிராமப்புற அமைப்புகள் சேர்ந்து, ஐந்தாண்டில் காரீயத்தைத் தாமாகவே விடுவோம் என்று அறிவித்தன. முதல் பருவத்தில் ஆய்வாளர்கள் விற்பனைக்கு வந்த ஃபெசன்ட்களை வாங்கிச் சோதித்தார்கள். ரவை கிடைத்த 180 பறவைகளில் 179இல் இருந்தது காரீயம். வருஷங்கள் ஓடியும் பெரிதாக மாறவில்லை. 2025இல் அரசாங்கமே சட்டம் கொண்டுவரப் போவதாகச் சொல்ல வேண்டி வந்தது. டென்மார்க்கில் 1996 முதல் எல்லா வேட்டைக்கும் தடை. அங்கே ஃபெசன்ட்டைச் சோதித்தபோது மிகப் பெரும்பாலானவற்றில் காரீயம் இல்லை. வேட்டையும் நின்றுபோகவில்லை. நார்வே 2005இல் முழுத் தடை போட்டு, 2015இல் ஈரநிலங்களுக்கு வெளியே வேட்டைக்குத் தளர்த்தியது. அது எனக்கு வருத்தம்தான்.

சரி, எஃகு வேலை செய்யுமா? அடர்த்தி கணக்கு போடுங்கள். காரீயம் கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகு 7.8. அதே அளவு உருண்டை எஃகில் லேசு, சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் இரண்டு எண் பெரிய ரவை எடுக்க வேண்டும். எண் குறைந்தால் ரவை பெரிது. காரீயத்தில் 6ஆம் எண் போட்டவர் எஃகில் 4ஆம் எண். 28 கிராமில் அது சுமார் 190 இருக்கும், பெரிய நஷ்டமில்லை. 2008, 2009இல் டெக்சாஸில் புறா வேட்டைக்காரர்களிடம் எது எந்தத் தோட்டா என்று சொல்லாமலே கொடுத்துச் சோதித்தார்கள். விழுந்த பறவைக் கணக்கில் காரீயத்துக்கும் எஃகுக்கும் வித்தியாசமில்லை.

உண்மையான குறைகளும் உண்டு. எஃகு கெட்டி. கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். மரத்தில் புதைந்தால் மர அறுவை வாளின் பல்லை உடைக்கும். மெல்லிய குழல் கொண்ட பழைய துப்பாக்கிக்கு ஆகாது. அதற்கு பிஸ்மத் ரவை இருக்கிறது, அடர்த்தி 9.8, விலைதான் பல மடங்கு.

பையனிடம் பிள்ளைகளின் வயதைக் கேட்டேன். ஏழும் நாலும். காரீய ரவை இறைச்சிக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாகவும் உதிரும். ரவையைப் பொறுக்கி எடுத்தாலும் துகள் குழம்பில் இருக்கும். பிள்ளைகளின் ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் எஃகுதான், 4ஆம் எண், என்று எழுதினேன். குழலில் எஃகு சுடலாம் என்று முத்திரை இருக்கிறதா என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டு. குழல் வாயின் குறுக்கமான சோக்கை ஃபுல்லில் வைக்காதே, மாடிஃபைடோ அதைவிடத் திறந்ததோ போதும். 35 கஜத்துக்கு மேல் சுடாதே. வீட்டில் மிச்சமிருக்கும் காரீயத் தோட்டாவை யாருக்கும் தானம் பண்ணாமல் கடையிலேயே ஒப்படைத்துவிடு.