திரும்பி வந்த மகள்

மாய யதார்த்தக் கதைகள்ல வர்ற அம்மா–மகள் பத்திப் பேசலாம்னு முடிவு பண்ணதும் எனக்கு ஞாபகம் வந்தது டோனி மாரிசன் 1987-ல எழுதின ‘பிலவ்ட்’ நாவல்தான். அம்மா கையால செத்துப்போன குழந்தை, பதினெட்டு வருஷம் கழிச்சு வளர்ந்த பெண்ணா வீட்டு முன்னாடி வந்து உட்காருது. முதல் தடவை இதை நான் ஒரு பேய்க்கதையாத்தான் படிச்சேன். பின்னாடி இருக்கிற வரலாறு தெரிஞ்சப்புறம் அப்படிப் படிக்க முடியல.

1856 ஜனவரி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி செல்லும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒஹையோ மாநிலத்தில் செல்லாது. குளிரில் ஆறு உறைஞ்சு கிடந்தது. மார்கரெட் கார்னர்ங்கிற அடிமைப் பெண், கணவர், நாலு பிள்ளைகள், மாமனார், மாமியாரோட அந்தப் பனிக்கட்டி மேல நடந்தே சின்சினாட்டிக்குத் தப்பி வந்தாங்க. கொஞ்ச நேரத்துலேயே அவங்க தங்கின வீட்டைச் சுத்தி வளைச்சுட்டாங்க. பிள்ளைங்க மறுபடி அடிமையாப் போகக்கூடாதுன்னு, ரெண்டு வயசு மகள் மேரியை மார்கரெட் கத்தியால கொன்னுட்டாங்க.

இதுக்கப்புறம் நடந்ததைக் கவனிங்க. மார்கரெட்டோட வக்கீல் ஜான் ஜாலிஃப், இவங்க மேல ஒஹையோவில் கொலை வழக்கு நடத்துங்கன்னு கேட்டார். தன் கட்சிக்காரர் மேலயே கொலை வழக்கா? ஆமா. கொலைன்னு ஒத்துக்கிட்டா, செத்தது ஒரு மனுஷி, கொன்னதும் ஒரு மனுஷின்னு ஆகும். ஆனா தப்பியோடிய அடிமைகளைப் பத்தின 1850-ஆம் வருஷச் சட்டம்தான் ஜெயிச்சது. எல்லாரையும் உடைமையாகவே திருப்பி அனுப்பிட்டாங்க. கொலை வழக்கு நடக்கவே இல்லை. மார்கரெட் 1858-ல டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தாங்க.

பதிப்பாசிரியரா வேலை பார்த்தப்போ, 1974-ல வெளிவந்த ‘தி பிளாக் புக்’ தொகுப்புக்காகப் பழைய செய்திகளைத் திரட்டும்போதுதான் மாரிசன் இந்தச் சம்பவத்தைப் பார்த்தார். மீதியைக் கற்பனையில் எழுதினார்.

எனக்குத் தோணறது இதுதான். அம்மா என்ன சொன்னாங்கன்னு அந்தக் காலப் பத்திரிகையில் இருக்கு. மேரி சொன்னதா ஒரு வார்த்தைகூட இல்லை. ‘ஏம்மா என்னை விட்டுட்டே?’ன்னு அவ கேட்கணும்னா, செத்தவ திரும்பி வந்தே ஆகணும். நாவல்ல மாயம் வர்ற இடம் அதுதான்.

ஆனா அந்த அம்மாவைக் காப்பாத்தறது திரும்பி வந்த மகள் இல்லை. டென்வர்ங்கிற இன்னொரு மகள், உயிரோட இருக்கிறவ. பயந்து பயந்து வாசல் தாண்டிப் போய், அக்கம்பக்கத்துல உதவி கேட்கிறா. நாவலைப் படிக்கிறப்போ அந்தப் பக்கங்களை நிதானமாப் படிங்க.