அரிசி விலையும் பள்ளிப் பிள்ளைகளும்: ஜப்பானிய உழவர் போராட்டங்களில் சிறுவர், 1918–1951

1926 மே மாதத்தில், ஜப்பானின் நீகாத்தா மாநிலத்திலுள்ள கிசாக்கி கிராமத்தில், குத்தகை உழவர்கள் தங்கள் பிள்ளைகளை ஒரே சமயத்தில் அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ஊரில் கொள்ளைநோய் இல்லை. அறுவடைக்குக் கைகள் தேவைப்பட்ட காலமும் அல்ல. நிறுத்தச் சொன்னது உழவர் சங்கத்தின் தீர்மானம். நிலக்கிழாருக்கு எத்தனை மூட்டை அரிசி அளப்பது என்ற வழக்கு வளர்ந்து வளர்ந்து ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

ஜப்பானிய உழவர் இயக்க வரலாற்றில் இந்தப் பள்ளிப் புறக்கணிப்பைத் துணிச்சலான துணைக்கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அதற்கு அதைவிடக் கூடுதலான இடம் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். பெற்றோரின் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கவே பிள்ளைகள் போராட்டத்துக்குள் வந்தார்கள். பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. பசித்த பிள்ளை எல்லாருடைய பேச்சிலும் இடம்பிடித்தது. குத்தகையும் நிலமும் பேச்சிலிருந்து நழுவின. இந்த மாற்றத்துக்கு உழவர் இயக்கத்தின் பலவீனம் மட்டும் காரணமில்லை. அரிசி விலையை அரசு கையாண்ட விதத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு.

கதையை 1918-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு கொகு அரிசி, அதாவது சுமார் 150 கிலோ, 15 யென் விலை போனது. ஜூனில் 20 யென்னைத் தாண்டியது. ஜூலை நடுவில் 30-ஐயும் தாண்டியது. போர்க்காலத் தொழில் பெருக்கத்தால் நகரங்களில் அரிசி உண்போர் கூடியிருந்தனர். சைபீரியாவுக்குப் படை போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் வணிகர்கள் சரக்கைப் பதுக்கினார்கள். ஜூலை 23 அன்று தொயாமா மாநிலத்தின் உவோசு கடற்கரையில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் திரண்டு, ஹொக்கைதோவுக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்த இபுக்கிமாரு என்ற கப்பலை மறித்தார்கள். அடுத்த சில வாரங்களில் கலவரம் நாடெங்கும் பரவியது. சுமார் 25,000 பேர் கைதாயினர். செப்டம்பரில் தெராவுச்சி அமைச்சரவை பதவி விலகியது.

இது அரிசி வாங்குவோரின் எழுச்சி, விளைவிப்போருடையது அல்ல. ஆனாலும் விளைவிப்போரின் தலைவிதியை எழுதியது இதுதான். நகரத்துக்கு மலிவான அரிசி கிடைக்காவிட்டால் ஆட்சி கவிழும் என்ற பாடத்தை அரசு கற்றுக்கொண்டது. 1920-இல் கொரியாவில் அரிசி உற்பத்திப் பெருக்கத் திட்டம் தொடங்கியது. தைவானில் ஜப்பானிய நாவுக்கு ஏற்ற ஹோராய் ரகங்கள் பரப்பப்பட்டன. குடியேற்ற நாடுகளின் அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கொரிய உழவர் குடும்பங்களோ தாம் விளைத்த நெல்லை விற்றுவிட்டு மஞ்சூரியாவின் தினையை உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டன. கொரியப் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து எடுத்ததே தோக்கியோவின் மலிவு விலை என்று சொன்னால் அது மிகையாகாது.

விலை வீழ்ச்சி ஜப்பானியக் கிராமத்தை எப்படித் தாக்கியது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நன்செய்க் குத்தகை பணமாக அல்ல, அரிசியாகவே செலுத்தப்பட்டது. விளைச்சலில் ஏறத்தாழப் பாதி அதற்கே போனது. ஆக விலை ஏறினால் முதல் ஆதாயம் நிலக்கிழாருக்கு. விலை உயர்வு வேண்டும் என்று அரசிடம் ஓங்கிக் குரல் கொடுத்த பேரரசு வேளாண் சங்கமும் நிலக்கிழார்களின் செல்வாக்கில் இருந்த அமைப்புதான். குத்தகையாளர் உரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அறுத்த கையோடு விலை மலிந்த நேரத்தில் விற்றுவிட்டு, கோடையில் தன் வீட்டுக்கே விலை கொடுத்து அரிசி வாங்க வேண்டும். எனவே அவருடைய போராட்டம் ‘விலையை ஏற்று’ என்று தொடங்கவில்லை. ‘அளவைக் குறை’ என்று தொடங்கியது. 1920 மார்ச்சில் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் அரிசி விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியானபோது இந்தக் குரல் பெருகியது. அரசின் கணக்குப்படி 1917-இல் நாடு முழுவதும் நடந்த குத்தகைத் தகராறுகள் 85, 1921-இல் 1,680, 1926-இல் 2,751. 1922 ஏப்ரலில் கோபே நகரில் ஜப்பான் உழவர் சங்கம் பிறந்தது. அதை நிறுவிய கிறிஸ்தவப் போதகர் ககாவா தொயோஹிக்கோ, கோபேயின் சேரியில் வாழ்ந்து பணியாற்றிப் பெயர் பெற்றவர்.

நீகாத்தா, ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு நிலம் வைத்திருந்த பெருங்கிழார்களின் நாடு. கிசாக்கியில் தகராறு 1922-இல் கிளம்பியபோது கோரிக்கை எளிமையானதாகவே இருந்தது. குத்தகை மூட்டை ஒவ்வொன்றிலும் ‘சேதாரம்’ என்ற பெயரில் கூடுதலாகச் சில படி அரிசி போட வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதை நிறுத்து என்றார்கள் உழவர்கள். குத்தகையையும் குறைக்கக் கேட்டார்கள். சில நிலக்கிழார்கள் இறங்கிவந்தார்கள். இறங்காதவர்கள் நீதிமன்றம் போய் உழவர்கள் வயலில் கால்வைக்கத் தடை வாங்கினார்கள். 1926 வசந்தத்தில் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. மே மாதத் தொடக்கத்தில், நாற்று நடவுக்குச் சேற்றைத் தயார்செய்யும் பருவத்தில், போலீஸ் காவலோடு நிலத்தைக் கையகப்படுத்த அதிகாரிகள் வந்தார்கள். கைகலப்பு நடந்தது, பலர் கைதானார்கள். அதே மாதத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார்கள்.

ஏன் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள்? நிலக்கிழாரின் களஞ்சியத்துக்கு முன்னால் மறியல் செய்தால் அது சொத்து வழக்கு, காவல்துறை பார்த்துக்கொள்ளும். தொடக்கப்பள்ளியின் கதை வேறு. 1907 முதல் ஆறாண்டுக் கல்வி கட்டாயம். பாடநூல்கள் அரசே தயாரித்தவை. சக்கரவர்த்தியின் படத்துக்கும் 1890-ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைக்கும் தலை வணங்குகிற இடம் அது. கிராமத்தில் அரசு நாள்தோறும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் என்றுகூடச் சொல்லலாம். வகுப்பறை காலியானால் தலைமையாசிரியர் முதல் மாநில ஆளுநர் வரை பதில் சொல்ல வேண்டிவரும். உழவர்கள் இதைக் கணக்குப் போட்டே செய்தார்கள் என்று நான் கருதுகிறேன். முன்மாதிரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1922 மார்ச்சில் கியோத்தோவில் ஒடுக்கப்பட்ட புராக்கு மக்களின் சுய்ஹேய்ஷா அமைப்பு தொடங்கிய நாளில், பதினாறு வயது இளைஞர் ஒருவர் மேடையேறிப் பள்ளியில் படும் இழிவுகளை எடுத்துச் சொன்னார். பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுப்பது அவ்வியக்கத்தின் போர்முறைகளுள் ஒன்றாகவும் ஆனது.

கிசாக்கி அதைவிட ஒரு படி மேலே போனது. பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், சங்கம் தானே ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கியது. பெயர், உடைமையற்ற உழவர் தொடக்கப்பள்ளி. ககாவா அதன் தலைமையாசிரியராக அறிவிக்கப்பட்டார். தோக்கியோவிலிருந்து பல்கலைக்கழக மாணவர்களும் இயக்கத்தினரும் வந்து பாடம் நடத்தினார்கள். எழுத்தாளர்கள் ஆதரவு திரட்டினார்கள். ஜூலையில் பள்ளிக் கட்டடத்துக்கு உத்தரம் ஏற்றிய நாளில் ஊர்வலமாக வந்தவர்களுக்கும் போலீசாருக்கும் இடையே மீண்டும் மோதல் மூண்டது. பிள்ளைகளைப் பணயம் வைக்கிறார்கள் என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆறு வயதுப் பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? ஆனால் கண்டித்தவர்கள், அதே பிள்ளை நடவு நாளில் இடுப்பளவுச் சேற்றில் நின்றதையோ தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்ததையோ கண்டித்ததாகத் தெரியவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளை பிறந்தது முதலே அரிசிக் கணக்குக்குள்தான் இருந்தது. கிசாக்கியில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவே.

மாநில அரசு தலையிட்டது. இலையுதிர் காலத்துக்குள் பிள்ளைகள் பழைய பள்ளிக்குத் திரும்பினார்கள். சங்கத்தின் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. தகராறு 1930 வரை இழுத்து ஒரு சமரசத்தில் முடிந்தது.

முடிந்த அதே ஆண்டில்தான் பெருவெள்ளம் போல் அடுத்த இடர் வந்தது. அமெரிக்கச் சந்தை சரிந்ததில் பட்டுநூல் விலை படுத்துவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பு பல குடும்பங்களுக்கு ரொக்கம் தந்த ஒரே வழி. அக்டோபரில் அமோக விளைச்சல் என்று அரசு மதிப்பீடு வெளியிட்டதும் அரிசி விலை கொகுவுக்கு 20 யென்னுக்குக் கீழே இறங்கியது. களஞ்சியம் நிறைந்த பஞ்சம் அது. மறு ஆண்டு வடகிழக்கில் குளிரால் பயிர் பொய்த்தது. 1934-இல் இன்னும் கடுமையாகப் பொய்த்தது. விலை இருந்தபோது விளைச்சல் இல்லை, விளைச்சல் இருந்தபோது விலை இல்லை.

யாமகாத்தா மாநிலத்தின் இசாசாவா கிராமத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அக்காலத்தின் ஆவணமாக இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஊர் ஆலோசனை நிலையத்தின் அறிவிப்பு அது. மகளை விற்க நேர்ந்தால் எங்கள் நிலையத்துக்கு வாருங்கள் என்பது அதன் செய்தி. தரகர் கையில் சிக்காமல் வேறு வேலைக்கு அனுப்புவதே நோக்கம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், இப்படி ஓர் அறிவிப்பை வெள்ளைத் தாளில் எழுதிப் பொதுவில் ஒட்டலாம் என்ற அளவுக்கு அது சகஜமாகியிருந்தது.

1932 ஜூலையில் கல்வி அமைச்சகம் ஒரு தொகையை அறிவித்தது. உழவு, மீன்பிடிக் கிராமங்களில் மதிய உணவின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் 2 லட்சம் பேர். செப்டம்பரில், முதன்முறையாக அரசுப் பணத்தில், பள்ளி உணவுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. பள்ளியில் சோறு போடும் வழக்கமே இதே யாமகாத்தாவின் த்சுருவோக்கா நகரில், 1889-இல், ஒரு புத்தக் கோயில் வளாகத்து ஏழைப் பள்ளியில் சோற்றுருண்டையும் உப்பிட்ட மீனும் ஊறுகாயுமாகத் தொடங்கியது. துறவிகள் வீடுவீடாக யாசித்து நடத்தியதை அரசு ஏற்க 43 ஆண்டுகள் ஆயின.

இந்த உதவியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதே கோடையில் உழவர்கள் கேட்டது வேறு. தன்னாட்சி உழவர் பேரவை என்ற அமைப்பு 32,000 பேரிடம் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தது. உழவர் கடனை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவை, உரத்துக்கு மானியம் கொடு, மஞ்சூரியக் குடியேற்றத்துக்கு 5 கோடி யென் ஒதுக்கு என்பவை அதன் மூன்று கோரிக்கைகள். குத்தகை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கிசாக்கி கேட்டது உள்ளூர் நிலக்கிழாரின் பங்கைக் குறைக்க. இம்மனு பார்த்தது கடல்கடந்த நிலத்தை. குத்தகையாளரையும் சிறு நிலக்காரரையும் ஒரே ‘கிராமம்’ ஆக்கிப் பேசுவதற்கு இந்த மௌனம் வசதியாக இருந்தது. 1933-இல் அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உச்ச விலையும் அடிமட்ட விலையும் வகுத்தது. விலைக்குத் தரை கிடைத்தது. பாதி விளைச்சல் குத்தகையாகப் போவது அப்படியே இருந்தது. தகராறுகளும் ஓயவில்லை, 1935-இல் அவை 6,824. ஆனால் இப்போது பெரும்பாலானவை சிறியவை. குத்தகையைக் குறைப்பதைவிட, நிலத்தைவிட்டு வெளியேற்றாதே என்பதே அவற்றின் கோரிக்கை.

பிள்ளைகளின் இடத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியவர்கள் இக்காலத்தில் ஆசிரியர்கள்தாம். வடகிழக்கு மாநிலங்களில் சில இளம் ஆசிரியர்கள், சொந்த வாழ்வைப் பார்த்தபடி எழுதப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். வீட்டுக் கடன், விற்ற குதிரை, ஊர்விட்டு ஆலைக்குப் போன அக்கா எல்லாம் கட்டுரைப் பொருளாயின. கிசாக்கியில் பிள்ளை பேசவே இல்லை, அதன் பெயரில் சங்கம் பேசியது. இந்த வகுப்புகளில்தான் அது தன் வாயால் சொல்லத் தொடங்கியது. அரசு இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1933 பிப்ரவரியில் நாகானோ மாநிலத்தில் இடதுசாரி ஆசிரியர்கள் 138 பேர் பிடிக்கப்பட்டார்கள். 1940-இல் யாமகாத்தாவில் தொடங்கிய கைதுகள் கட்டுரைப் பயிற்சி ஆசிரியர்களைக் குறிவைத்தன.

நாகானோவில் அடுத்து நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1938-இல் மஞ்சூரிய–மங்கோலியக் குடியேற்ற இளைஞர் தொண்டர் படை தொடங்கியது. பதினான்கு, பதினைந்து வயது முதல் பத்தொன்பது வரையான பையன்களை இபாராகி மாநிலத்தின் உச்சிஹாராவில் பயிற்றுவித்து மஞ்சூரியாவுக்கு அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 86,000 பேர். ஆள் சேர்க்கும் பொறுப்பு வகுப்பாசிரியர் தலையில் விழுந்தது. பள்ளிக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. அதிகம் பேரை அனுப்பிய மாநிலம் நாகானோ. ஐந்தாண்டுக்கு முன் சக ஆசிரியர்கள் சிறை போனதைப் பார்த்தவர்கள் மறுப்பார்களா? 1932 மனுவின் மூன்றாம் கோரிக்கையைத்தான் அரசு மனதார நிறைவேற்றியது; அதற்கான கூலியை வீட்டின் இரண்டாம் மகன், மூன்றாம் மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. 1945 ஆகஸ்டில் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்த பிறகு அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

கிசாக்கி கேட்டது 1946-க்குப் பிறகு, நேசநாட்டுப் படைகளின் ஆட்சியில் வந்த நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்தது. அரிசியாகக் குத்தகை அளப்பது ஒழிந்தது; உழுதவர் பெயருக்கு நிலம் மாறியது. ஆனால் நிலம் கைக்கு வந்தால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கையை யாமகாத்தாவின் ஒரு மலைக் கிராமத்து நடுநிலைப்பள்ளி சோதித்துப் பார்த்தது. முச்சாக்கு செய்க்யோ என்ற இளம் ஆசிரியர் பழைய கட்டுரைப் பயிற்சியை அங்கே மீட்டெடுத்தார். அவர் மாணவர்கள் எழுதியவை 1951-இல் ‘யாமபிக்கோ கக்கோ’ என்ற நூலாக வந்தன. தாயை இழந்த மாணவர் ஒருவர் குடும்பத்தின் நிலம், வரவு, கடன் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்து, இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு உழைத்தாலும் பிழைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரைக்குக் கல்வி அமைச்சர் பரிசு கிடைத்தது. அதே நூலில் இன்னொரு மாணவர் குழு, பள்ளிக்கூடம் நடத்த எவ்வளவு பணமாகிறது, அதில் எவ்வளவு பெற்றோர் தலையில் விழுகிறது என்று கணக்கெடுத்து எழுதியிருக்கிறது. அதற்கு எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை.