மங்களூரும் ஏடனும்: ஒரு பழைய கூட்டு வாணிகம்

இந்து சமுத்திர வாணிகம் என்றதும், 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோடகாமாவே எம் நினைவில் முதலில் எழுகின்றார். பாடசாலையில் நாம் நெட்டுருப்பண்ணிய சரித்திரம் அங்ஙனமே தொடங்கிற்று. ஆனால் அவருக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கோட்டையும் பீரங்கியுமின்றி, அரபிக் கரையோரும் இந்தியக் கரையோரும் கூட்டாக வியாபாரம் நடத்தினர். அவர்தம் கடிதங்களை இன்றும் நாம் படிக்கலாம்.

அவை எஞ்சியது ஒரு புதுமை. இறைவன் திருநாமம் எழுதிய கடதாசியை அழித்தல் தகாதென்று யூதர் கருதினர். பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா ஆலயத்தில், பயனற்ற கடதாசிகளையெல்லாம் ஓர் அறையில் இட்டுவைத்தனர். 1896ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற சொலமன் ஷெக்டர் அவற்றுட் பெரும்பகுதியைக் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்குக் கொணர்ந்தார். இந்திய வாணிகம் பற்றிய கடிதங்களைத் தேடித் திரட்டி ஆராய்ந்த பெருமை எஸ். டி. கொய்ட்டைன் என்னும் பேரறிஞரைச் சாரும்.

அக்கடிதங்களின் நாயகர் ஆபிரகாம் பென் யிஜு. துனீசிய நாட்டு மஹ்தியா நகரத்தவர். 1132 முதல் 1149 வரையுள்ள காலத்திற் பெரும்பகுதியை இந்தியாவின் மேல்கரையிலே, மங்களூரை அடுத்துக் கழித்தார். அங்கே ஒரு வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்து செம்பும் உடைந்த பாத்திரங்களும் வரும். உள்ளூர்க் கம்மியர் அவற்றை உருக்கி, கேட்ட அளவிலும் வடிவிலும் விளக்கும் செம்புமாக வார்ப்பர். அவை மீண்டும் ஏடனுக்குக் கப்பலேறும். மிளகு, இரும்பு, ஏலம், பாக்கு ஆகியனவும் அவ்வழியே சென்றன. ஏடனிலிருந்த கூட்டாளிகள் சீனியும் முந்திரிகை வற்றலும் கடதாசியும் அன்பளிப்பாக அனுப்பினர். இந்தியக் கரையிற் கடதாசி கிடைப்பது அரிதாகையால், வந்த கடிதங்களின் வெறும்புறத்திலேயே பென் யிஜு தம் கணக்குகளை எழுதிவைத்தார். சிக்கனம் சரித்திரத்துக்கும் உதவிற்று!

கூட்டாளிகளெல்லாரும் யூதர் என்று எண்ணற்க. ஏடனில் வணிகர் தலைவராயிருந்த மத்முன், மங்களூர் வணிகர் மூவருக்குப் பென் யிஜு வாயிலாக வணக்கங் கூறி, அனைவரும் பங்குசேர்ந்து மிளகும் இரும்பும் இஞ்சியும் ஏற்றிய மரக்கலமொன்றை மங்களூரிலிருந்து அனுப்பலாமென்று எழுதுகின்றார். இதே மத்முன், ஏடன் ஆட்சியாளரான பிலால் என்னும் முஸ்லிமுடன் கூடி எமது இலங்கைக்கென்றே ஒரு கப்பல் கட்டுவித்தார். சரக்கேற்றிய கப்பலொன்றின் உரிமையாளர் ‘பத்தன் சுவாமி’ எனக் குறிக்கப்படுகின்றார். அது பட்டணசுவாமி என்ற பட்டப்பெயரே என்பது அறிஞர் துணிபு.

நட்டம் வந்தபோதன்றோ கூட்டின் தன்மை தெரியும்? ஒருமுறை பாப் எல் மந்தப் நீரிணையில் மரக்கலமொன்று மூழ்கிற்று. மிளகு முழுதும் போயிற்று. ஏடனிலிருந்து சுழியோடிகளை அழைத்துச்சென்று இரும்பிற் பாதியளவை மீட்டனர். நடந்ததை ஒளிக்காது மங்களூருக்கு எழுதினர்.

ஏலக்காய்க் கதை வேறு. கார்தார் எனப்படும் உள்ளூர் முகவர் ஒருவரிடம் பென் யிஜு முன்பணம் கொடுத்தார். அவர் சரக்கைக் கொடுத்தாரில்லை. அப்பணத்தில் ஏடன் கூட்டாளிகளுக்கும் பங்குண்டு. படை அனுப்புவோம் என்று அவர்கள் எழுதவில்லை, அனுப்பப் படையுமில்லை. கடனைத் தீர்க்காவிடில் ஏடனில் அவர் பெயரைக் கெடுத்துவிடுவோமென்று பயமுறுத்தும்படியே கூறினர். கடலுக்கப்பால் தன் பெயர் கெடுவதற்கு மங்களூர் முகவர் அஞ்சுவார் என்று அவர்கள் நம்பினார்களே, அந்த நம்பிக்கையின்மேலன்றோ அவ்வாணிகம் முழுவதும் நின்றது! போர்த்துக்கேயர் கொண்டுவந்த பீரங்கிக்கு இத்தகைய அச்சம் புரியாது.

இதனாலே அக்காலத்தைப் பொற்காலமென்று போற்ற நாம் துணியோம். பென் யிஜுவின் வலக்கரமாயிருந்த பொம்மா ஓர் அடிமை. அக்கால அடிமைமுறை தொழில் பயில்வோன் நிலைக்கு நெருங்கியதென்பர்; எனினும் அடிமை அடிமையே. ஆயின் அவர் எசமானின் சரக்குடன் தனியே ஏடனுக்குக் கடல் கடந்து சென்று கணக்குத் தீர்த்தார். அங்கே கொஞ்சம் குடித்துக் கூத்தாடியதாக மத்முன் குறைபட்டுக்கொண்டதுமுண்டு. ஆண்டுகள் பல சென்று, 1148ஆம் ஆண்டளவில், ஏடனிலிருந்து பென் யிஜுவுக்கு எழுதப்பட்ட கடிதமொன்றிலே, பெருவணிகர் பெயர்களை அடுத்து, பொம்மாவுக்கும் வாழ்த்து அனுப்பப்பட்டிருக்கின்றது.