அலையடிக்காத துறைமுகம்

துறைமுகங்களைப் பற்றிய இந்தத் தொடரில் வாலாஜாபேட்டைக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். அருகில் ஓடும் பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சுமார் நூறு ஆண்டுகள், ஒரு துறைமுகம் செய்யும் வேலை அத்தனையும் இந்த ஊர் செய்தது. சரக்கு வந்து இறங்கியது, எடை போடப்பட்டது, விலை பேசப்பட்டது, வேறு வண்டியில் ஏறி வேறு தேசம் போனது.

அந்தக் காலத்துச் சென்னையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பெயருக்குத்தான் சென்னை துறைமுகம். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கயிறு கொண்டு தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துப் போய்ச் சரக்கை ஏற்றிவந்து கடற்கரை மணலில் இறக்கும். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1861-ல்தான் வந்தது. செயற்கைத் துறைமுகத்தின் வேலை 1875-க்குப் பிறகுதான் தொடங்கியது. 1881-ல் அடித்த புயல் அதையும் உடைத்துப் போட்டது. மணலில் இறங்கிய மூட்டைகள் மாட்டுவண்டிகளில் ஏறி, காஞ்சிபுரம் வழியாக மேற்கே நகர்ந்தன.

சமவெளி முடிந்து மலை தொடங்கும் முகப்பில் இருப்பது வாலாஜாபேட்டை. இங்கிருந்து ஒரு வழி சித்தூர், முகிலி கணவாய், பலமனேர், முளபாகல், கோலார் என்று ஏறிப் பெங்களூரை அடையும். இன்னொன்று பாலாற்றை ஒட்டியே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று போய்க் கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பும். மலைப்பாதைக்குப் பொதிமாடுகளே ஏற்றவை. லம்பாடிகள் மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிக்கொண்டு உப்பை மேலே ஏற்றினார்கள், தானியத்தைக் கீழே இறக்கினார்கள். வண்டியும் பொதிமாடும் சந்திக்கும் இடத்தில் கிடங்கு வேண்டும், மண்டி வேண்டும், தரகர் வேண்டும், கடன் கொடுக்கும் சாவுகார் வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் ஊர்.

1800-ம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடு முழுவதும் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், பெங்களூர்ச் சந்தையைப் பற்றி எழுதும்போது வாலாஜாபேட்டையைக் குறிப்பிடுகிறார். மலைக்கு மேலிருந்து பாக்கு, சந்தனம், மிளகு, ஏலம் எல்லாம் கீழே வந்தன. உப்பும், கப்பலில் வந்த உலோகங்களும், பட்டும், சென்னைச் சரக்கு என்று பொதுப்பெயர் பெற்ற இதர பொருள்களும் மேலே போயின. திப்பு சுல்தான் வீழ்ந்து ஏறக்குறைய ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் அந்த வணிகம் மறுபடி நடமாடத் தொடங்கியிருந்தது.

ஊருக்குப் பெயர் தந்தவர் ஆற்காடு நவாப் முகம்மது அலி. 1765-ல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் அவருக்கு ‘வாலாஜா’ என்ற பட்டத்தைத் தந்தார். அரண்மனை சேப்பாக்கத்தில், கடன் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் என்று வாழ்ந்த அந்த நவாபின் அரசியல் அதிகாரம் அவர் கண்ணெதிரிலேயே கரைந்தது. பெயர் மட்டும் தங்கியது. சென்னையில் ஒரு சாலைக்கும், திருவல்லிக்கேணியில் ஒரு மசூதிக்கும், பழைய தலைநகரான ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் இருந்த இந்த வணிக ஊருக்கும்.

வியாபாரம் ஓங்கிய ஊரை நெசவும் இசையும் தேடி வரும். பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் வேங்கடரமண பாகவதர். தஞ்சைக்கு அருகே அய்யம்பேட்டையில் வாழ்ந்து, திருவையாற்றில் தியாகராஜரிடம் நெடுங்காலம் பயின்று, பிறகு வாலாஜாபேட்டைக்கு வந்து தங்கினார். குரு பாடியதை அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிவைத்தார்கள். மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்ட அந்த எழுத்துப் பிரதிகளை இசை ஆய்வாளர்கள் இன்றும் ‘வாலாஜாபேட்டைச் சுவடிகள்’ என்றே சொல்கிறார்கள். தியாகராஜர் பாடல்களின் பாடபேதம் பற்றிப் பேச வருகிறவர் எவரும் இந்த ஊரின் பெயரை உச்சரிக்காமல் தாண்ட முடியாது.

பாகவதரின் மாணவர் ஒருவர், சித்தூரை ஒட்டிய கிரீம்பேட்டையில் பிறந்தவர், வாலாஜாபேட்டையில் குருவோடு இருந்து கற்றபின் மைசூர் போனார். மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் வித்வானாகி, மைசூர் சதாசிவ ராவ் என்று புகழ்பெற்றார். அவரிடம் கற்றவர்களில் வீணை சேஷண்ணாவும் ஒருவர். சதாசிவ ராவை மைசூருக்கு அழைத்துப்போனவர்கள் வணிகர்கள் என்று இசை வரலாறுகள் சொல்கின்றன. உப்பும் பட்டும் ஏறிய அதே மலைப்பாதையில் திருவையாற்றுச் சங்கீதமும் ஏறியிருக்கிறது. இந்த ஊரைப் பற்றிய செய்திகளில் மனத்தைத் தொடுவது இதுதான்.

பிறகு ரயில் வந்தது.

1856 ஜூன் 28-ம் தேதி ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. பள்ளிப் பாடம் முதல் போட்டித் தேர்வு வரை இந்த வரி தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் வரி அதோடு நின்றுவிடுகிறது. முதல் ரயிலைப் பெற்ற ஊர் என்ற பெருமைக்குப் பின்னால், அந்த ரயிலாலேயே பிழைப்பை இழந்த ஊர் என்ற உண்மை மறைந்துகிடக்கிறது.

நிலையம் அமைந்தது ஊருக்குள் அல்ல, வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி. அது சிறு குறை. பெரிய அடி அடுத்த எட்டு ஆண்டுகளில் விழுந்தது. பாதை மேற்கே நீண்டு 1862-ல் அரபிக்கடலோரப் பேப்பூரை எட்டியது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்குக் கிளை திறந்தது. சென்னையில் ஏற்றிய மூட்டை பெங்களூரில் இறங்கலாம், நடுவில் எவரும் தொட வேண்டியதில்லை என்றான பிறகு மண்டிக்கும் தரகருக்கும் என்ன வேலை இருந்திருக்கும்? 1866-ல் வாலாஜாபேட்டை நகராட்சி ஆனது, மாகாணத்தின் மிகப் பழைய நகராட்சிகளில் ஒன்றாக. அந்தக் கௌரவம் வந்து சேர்ந்தபோது அதற்குக் காரணமான வணிகம் ஏற்கெனவே ரயிலேறிவிட்டிருந்தது. நெசவும், சாயத்தொழிலும், கம்பளமும்தான் ஊரைத் தாங்கின.

ரயில் எந்த ஊரையும் கெடுத்தே தீரும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஒட்டாரு என்ற நடுத்தரத் துறைமுக நகரம் இருக்கிறது. மத்தி வகை மீனான ஹெர்ரிங்கை நம்பியிருந்த ஊர். ஹொரொனாய்ச் சுரங்கத்து நிலக்கரியைக் கடலுக்குக் கொண்டுவர 1880-ல் அங்கே ரயில்பாதை போட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் கிராஃபோர்டு போட்ட அந்தப் பாதை ஒட்டாருவின் கரையிலேயே தொடங்கிச் சப்போரோவுக்குப் போனது. அங்கே ரயிலிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாறியாக வேண்டும். அதனால் வங்கிகள் வந்தன, கல் கிடங்குகள் எழுந்தன, 1923-ல் கிடங்குகளை ஒட்டிக் கால்வாயும் முடிந்தது. வாலாஜாவில் ரயில் கைமாற்றத்தை ஒழித்தது. ஒட்டாருவில் அதை உண்டாக்கியது.

ஒட்டாருவுக்கும் இறங்குமுகம் வந்தது. நிலக்கரி மங்கியது, வேறு துறைமுகங்கள் முந்தின. கால்வாயைத் தூர்த்துச் சாலை போட நிர்வாகம் தீர்மானித்தபோது, 1973-ல் ஊர்மக்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். ஒரு பகுதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. 1986-ல் அதன் கரையில் நடைபாதை திறந்தது. இன்று அந்தக் கால்வாயையும் கிடங்குகளையும் பார்க்கவே பயணிகள் வருகிறார்கள்.

வாலாஜாபேட்டையில் அப்படி ஒரு சங்கம் அமையவில்லை, அமைய வேண்டும். மண்டித் தெருக்களின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து கான்கிரீட்டாகின்றன. ராயபுரம் நிலையம் 2005-ல் புதுப்பிக்கப்பட்டது, அதற்காகக் குரல் கொடுக்கச் சென்னையில் ஆட்கள் இருந்தார்கள். அதே பாதையின் மறுமுனைக்கும் அந்தக் கவனம் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நிலையத்தில் 1856-ஐ விளக்கும் ஒரு சிறு காட்சிக்கூடமும், பாகவதர் வாழ்ந்த ஊர் என்று அறிவிக்கும் ஒரு கல்வெட்டும் நகராட்சியின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல.

2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 32,000. பக்கத்து ராணிப்பேட்டையோ தோல் தொழிற்சாலைகளாலும், சிப்காட்டாலும், பெல் நிறுவனத்தாலும் வளர்ந்து, 2019-ல் மாவட்டத் தலைநகரும் ஆனது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கும் காலணிகள் கொள்கலன்களில் ஏறி வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் சென்னைத் துறைமுகம் போகின்றன.

பெங்களூர் - சென்னை விரைவுச்சாலைத் திட்டத்தில் ஒரு பகுதிக்குக் ‘குடிபாலா - வாலாஜாபேட்டை’ என்றும், அடுத்ததற்கு ‘வாலாஜாபேட்டை - அரக்கோணம்’ என்றும் பெயர். சித்தூர், பலமனேர், கோலார் தங்கவயல் என்று அது போகும் திசை, ஏறக்குறைய பொதிமாடுகள் போன பழைய திசையேதான். நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத, நுழைவாயில் வைத்த சாலை அது. அந்த வாயிலை ஒட்டிக் கிடங்குகளும் சரக்கு முனையமும் அமையுமா, லாரிகள் நிற்காமல் போய்விடுமா என்பதை இனி எடுக்கும் திட்டமிடல் முடிவுகள்தான் தீர்மானிக்கும். நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் அந்தப் பேச்சுக்கு இப்போதே உட்கார வேண்டும்.

(தொடரும்)