ஒன்பது நாள் மன்றாட்டு: நவநாள் பக்தியின் வரலாறு

கத்தோலிக்க மரபில் ஏதேனும் ஒரு கருத்துக்காக ஒன்பது நாட்கள் தொடர்ந்தோ, ஒரே கிழமையில் ஒன்பது வாரங்கள் தொடர்ந்தோ செய்யப்படும் வேண்டுதல் நவநாள் எனப்படுகிறது. பெரும்பாலான வேளைகளில் மக்கள் தாமாகத் தொடங்கிப் பழகி வந்ததையே திருச்சபை காலம் தாழ்த்தி ஏற்று ஒழுங்குபடுத்தியது என்பதை இப்பக்தியின் நெடிய வரலாறு காட்டுகிறது.

ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கும் பெந்தக்கோஸ்து நாளுக்கும் இடையே திருத்தூதர்கள் மரியாவோடும் மற்றவர்களோடும் ஒருமனப்பட்டு எருசலேமில் மன்றாடிக் காத்திருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் கூறுவதையே நவநாளின் முதல் முன்மாதிரியாகக் கத்தோலிக்கர் கொள்கின்றனர். எனினும் ஒன்பது நாள் என்ற கணக்கு பண்டைய ரோமரின் துக்க வழக்கத்திலும் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஒன்பது நாட்கள் துக்கம் காத்து, ஒன்பதாம் நாள் பலியும் விருந்தும் நடத்தி அவர்கள் அதை முடித்தனர். இது வேதத்தில் முன்னுதாரணம் இல்லாத புறச்சமய வழக்கம் என்று புனித அகுஸ்தீன் கிறிஸ்தவர்களை எச்சரித்தார். அவரது எச்சரிக்கையையும் மீறி அவ்வழக்கம் நிலைத்தது மட்டுமின்றி, இறந்த திருத்தந்தையருக்காக ஒன்பது நாட்கள் திருப்பலி நிறைவேற்றும் முறையாக ரோமைத் திருச்சபையின் நடுவிலேயே இடம் பெற்றது. 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோதும் அடக்கச் சடங்கு நாளான 26-ஆம் தேதியிலிருந்து மே 4 வரை இம்முறை கடைப்பிடிக்கப்பட்டது.

துக்கத்திலிருந்து ஆயத்தத்துக்கு நவநாள் திரும்பியது இடைக்காலத்தில் ஆகும். ஸ்பெயினிலும் பிரான்சிலும், மரியா இயேசுவைக் கருவில் சுமந்த ஒன்பது மாதங்களை நினைவுகூரும் வகையில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய ஒன்பது நாட்கள் சிறப்பு வழிபாட்டுக்கு உரியனவாயின. ஸ்பானியர் வழியாகப் பிலிப்பைன்சுக்குச் சென்ற இவ்வழக்கம், டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் நடைபெறும் திருப்பலிகளாக அங்கு இன்றும் பெருந்திரளான மக்களை ஈர்க்கிறது.

இன்று மக்கள் மனத்தில் நவநாள் என்றதும் தோன்றும் பொருள், அதாவது தனி மனிதர் தம் இன்னலில் ஒரு புனிதரின் பரிந்துரையை வேண்டும் மன்றாட்டு, பரவலாக வேரூன்றியதற்கு 17-ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்று பெருங்காரணமாயிற்று. 1633 டிசம்பரில் நேப்பிள்ஸ் நகரில் அமல உற்பவ விழாவுக்கான அலங்கார வேலை நடந்துகொண்டிருந்தபோது, உயரத்தில் இருந்த தொழிலாளி ஒருவரின் சுத்தியல் தவறி, கீழே நின்ற இயேசு சபைக் குரு மார்செல்லோ மாஸ்திரில்லியின் தலையில் விழுந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் மரணத் தறுவாயில் இருந்த அவர், பயணியின் உடையில் புனித பிரான்சிஸ் சவேரியார் தமக்குத் தோன்றியதாகவும், கீழ்த்திசை நாடுகளுக்கு மறைப்பணிக்குச் செல்வதாகத் தாம் நேர்ந்துகொண்டதும் நலமடைந்ததாகவும் அறிவித்தார். ஒன்பது நாட்கள் தம்மிடம் மன்றாடி, அந்நாட்களுள் ஒன்றில் ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் பெறுவோருக்குத் தம் பரிந்துரை கிட்டும் எனப் புனிதர் உறுதியளித்தார் என்பது இதிலிருந்து வளர்ந்த மரபு. மார்ச் 4 முதல் 12 வரை நடைபெறும் 'அருளின் நவநாள்' இவ்வாறு பிறந்தது. அதன் நிறைவு நாள், 1622-இல் சவேரியார் புனிதராக உயர்த்தப்பட்ட நாளே ஆகும்.

மாஸ்திரில்லி தம் நேர்ச்சையை நிறைவேற்றினார். கோவாவுக்கு வந்து சவேரியாரின் உடலை வணங்கினார். அவ்வுடலைத் தாங்கும் வெள்ளிப் பேழை, அவருடைய முயற்சியின் விளைவாகக் கோவாப் பொற்கொல்லர்களால் செய்யப்பட்டு 1637-இல் முடிவுற்றது. அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த ஜப்பானின் நாகசாகியில், கொடிய வதைக்குப் பின் அவர் தலை வெட்டப்பட்டார். தாம் சொன்னதற்காக உயிரையே கொடுத்த ஒருவரின் சாட்சியம் இந்த நவநாளுக்குப் பின்னால் நின்றதே அது நாடுகள் கடந்து பரவியதற்கு வலிமையான காரணம் எனலாம். பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையைக் குறைக்கும் சலுகையாகத் திருச்சபை வழங்கும் 'பலன்', நவநாள் ஒன்றுக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டதும் லிஸ்பனில் நடைபெற்ற சவேரியார் நவநாளுக்கே. திருத்தந்தை 7-ஆம் அலெக்சாந்தர் அதை அளித்தார். வேதத்திலேயே முன்மாதிரி கொண்ட பெந்தக்கோஸ்து நவநாளைப் பங்கு ஆலயங்களில் ஆண்டுதோறும் நடத்தவேண்டும் என்ற திருத்தந்தை 13-ஆம் லியோவின் கட்டளையோ 1897-இல்தான் வந்தது.

20-ஆம் நூற்றாண்டில் நவநாள் முடிவில்லாத வாராந்தர வழிபாடாக மாறியது. ரெடம்டோரிஸ்ட் சபையார் பரப்பிய இடைவிடா சகாய மாதா பக்தியில், 1922-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவ்வாய்க்கிழமைகளில் தொடங்கிய இம்முறை, 1948-இல் மணிலாவின் பாக்லரானிலும் மும்பையின் மாகிமிலும் புதன்கிழமைகளில் வேரூன்றியது. வேண்டுதல்களையும் நன்றிகளையும் மக்கள் எழுதித் தர, அவற்றுள் சில பீடத்தின் முன் எல்லாரும் கேட்க வாசிக்கப்படுவது இதன் சிறப்பு. வேலை, பிள்ளைப்பேறு, நோய், குடும்பச் சண்டை என வீட்டுக்குள் அடங்கியிருந்த துயரங்கள் சபையின் பொது மன்றாட்டாக மாறும் இந்தத் தருணமே வாராந்தர நவநாளின் உயிர். சிங்கப்பூரில் தாம்சன் சாலையிலுள்ள புனித அல்போன்சு ஆலயம் இவ்வழிபாட்டினாலேயே, நவநாள் என்று பொருள்படும் 'நொவீனா' ஆலயம் என அறியப்பட்டு, 1987-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

தமிழகத்தில் நவநாள் ஊர்த் திருவிழாவோடு பிணைந்து வளர்ந்தது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8-ஆம் தேதி அன்னையின் பிறப்பு விழா வரும்வரை நவநாள் வழிபாடு நடைபெறுகிறது. 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய சவேரியாருக்குக் கோட்டாற்றில் எடுக்கப்படும் விழா, மார்ச் மாத 'அருளின் நவநாள்' போலன்றி, அவர் இறந்த டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டியே அமைகிறது. பல பங்குகளில் நவநாளின் ஒவ்வொரு நாளும் ஒரு மறையுரைத் தலைப்போடும், அதைச் சிறப்பிக்கும் அன்பியம், பக்த சபை, தெரு ஆகியவற்றின் பெயரோடும் திருவிழா அழைப்பிதழில் அச்சாகிறது. கட்டடங்களையும் பங்குக் குருக்களையும் பட்டியலிடும் யூபிலி மலர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் மக்களின் பெயர்கள் இவ்வழைப்பிதழ்களிலேயே உள்ளன. ஆகவே பங்குகள் தம்மிடமுள்ள பழைய அழைப்பிதழ்களையும், நவநாள் புத்தகங்களையும், எழுதியோரின் அந்தரங்கம் கெடாத வகையில் வேண்டுதல் சீட்டுகளையும் ஆவணங்களாகத் தொகுத்துக் காக்க வேண்டும்.