நீட்டிய கை

1947. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து தேவாலயம் ஒன்றில் பேசி முடித்திருந்தார் கோரி டென் பூம். பேச்சு மன்னிப்பைப் பற்றி. கூட்டம் கலைந்தபோது ஒருவர் வந்து கை நீட்டினார். கோரிக்குப் பகீரென்றது. ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் காவலராக இருந்த அதே ஆள்!

கோரி யாரென்று சொல்லிவிடுகிறேன். ஹாலந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக்கடைக் குடும்பம். ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பி வந்த யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்தார்கள். 1944 பிப்ரவரியில் ஒருவன் போட்டுக் கொடுக்க, குடும்பமே கைது. 84 வயது அப்பா பத்தே நாளில் இறந்தார். அக்கா பெட்ஸி டிசம்பரில், ராவன்ஸ்ப்ரூக்கில்.

அந்த முகாமின் காவலர்தான் இப்போது எதிரே. தான் கிறிஸ்தவனாகிவிட்டதாகச் சொல்லி, மன்னிப்பீர்களா என்கிறார்.

நீங்களாக இருந்தால்?

கோரியால் கையைத் தூக்கவே முடியவில்லை. மனசில் மன்னிப்பு துளிகூட இல்லை. ஆனால், மன்னிப்பு என்பது உணர்ச்சியல்ல, முடிவு என்று அவருக்குத் தெரியும். 'கையை நான் நீட்டுகிறேன், மற்றதை நீ கொடு' என்று இயேசுவிடம் வேண்டிக்கொண்டு நீட்டினார். மனசு பின்னாலேயே வந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. பல வருடம் கழித்து, நண்பர்கள் சிலர் செய்த காரியம் அவரைத் தூங்கவிடவில்லை. மன்னித்த பிறகும்தான்! ஒரு பாதிரியார் சொன்னார்: கோயில் மணியின் கயிற்றை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடிக்கத்தான் செய்யும்.

கயிற்றை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை.