ஆண்டு சொல்லாத காசுகள்

புதுக்கோட்டை வட்டாரத்துப் பழைய வீடுகளில் அம்மன் காசு என்னும் சிறிய செப்புக் காசை இன்றும் காணலாம். ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறு புறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. தொண்டைமான் மன்னர்கள் நவராத்திரியின்போது அரிசியோடு இக்காசையும் தானமாக வழங்கி வந்தனர். காணாமற்போன பொருள் கிடைக்க வேண்டி ‘அரைக்காசு அம்மனுக்கு’ நேர்ந்துகொள்கிறோமே, அதே அம்மன்தான். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964இல், நேருவின் மறைவையொட்டி வெளிவந்தன. விழாவோடு இணைந்த காசு புதுக்கோட்டைக்கு அதற்கு வெகு காலம் முன்பே பழக்கமாகியிருந்தது.

ஆனால் அம்மன் காசில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. கையால் அடித்த காசா, 1889 முதல் பர்மிங்ஹாமில் இயந்திரத்தால் அடித்து வந்த காசா என்று பிரித்தறியலாம். அதற்குமேல் காசு பேசாது. தாத்தா ஒருவர் இன்ன ஆண்டு நவராத்திரியில் பெற்றது என்று துண்டுத் தாளில் எழுதித் துணியில் முடிந்து வைத்திருந்தால், அந்த முடிச்சுத்தான் காசின் பிறப்புச் சான்று.

வெள்ளி நாணயத்திற்கும் இது பொருந்தும். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969இல் வெளியிடப்பட்ட பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடையுள்ளது. அதில் 80 சதவிகிதம் வெள்ளி. அதன்மீது காணும் ஆண்டுகள் 1869, 1948. அண்ணலின் பிறப்பும் மறைவும். வெளியான ஆண்டு எங்கும் இல்லை! மும்பை நாணயச்சாலை சேகரிப்போருக்கென மெருகேற்றிய அச்சுகளால் தனியே அடித்துப் பெட்டியில் வைத்து விற்ற நாணயங்களும் உண்டு. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு நாணயத்தை மட்டும் வைத்துக்கொள்வது, நூலின் முகப்பைக் கிழிப்பது போன்றது. இன்று அதிலுள்ள 12 கிராம் வெள்ளியின் விலை பத்து ரூபாயைவிடப் பன்மடங்கு. எனவே பல நாணயங்கள் தட்டானின் மூசைக்கே போய்ச் சேருகின்றன.

சேர்ந்து கிடப்பதன் மதிப்பை உணர்த்தும் பெரிய சான்றும் இம்மாவட்டத்திலேயே உண்டு. ஆலங்குடிக்கு அருகில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காலத்தவை. ஆகவே புதைத்தது அதற்கு முன்பு அன்று. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் எவனோ செய்த குறும்பு என்று தள்ளியிருப்போம். நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கிடைத்ததால்தான், திட்டமிட்டுச் செல்லாக்காசாக்கினார்களோ என்ற ஆராய்ச்சி எழுந்தது.

பழைய உறையைக் காப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. காற்றிலுள்ள ஹைடிரஜன் சல்ஃபைடு, வெள்ளியோடு சேர்ந்து கரிய வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. ரப்பர் வளையம், கம்பளித் துணி ஆகியவற்றிலும் கந்தகம் இருப்பதால் அவையும் கறுக்கச் செய்யும். மென்மையான பி.வி.சி. உறை இன்னும் மோசம். நாளடைவில் அது சிதைந்து ஹைடிரோகுளோரிக் அமிலத்தைக் கசியவிடும். நாணயத்திலுள்ள செம்பு பச்சைப் பிசுக்காக மாறும். அத்தகைய உறையிலிருந்து நாணயத்தை விளிம்பைப் பிடித்து எடுத்துப் பாலியெஸ்டர் உறையில் இடுங்கள். பழைய உறையை எறியாமல் தனியே வைத்து, இரண்டிலும் ஒரே எண்ணைக் குறியுங்கள்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்திலோ, கறுப்போடு மேற்பரப்பின் நுண்ணிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். அவை மீண்டும் வாரா.